எஸ்றா–நெகேமியா: முதன்முறை படிப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பாபிலோன் சிறையிருப்பிலிருந்து திரும்பிய யூதர்கள், இடிந்துகிடந்த எருசலேமில் ஆலயத்தையும் மதிலையும் மறுபடி எழுப்பியதைச் சொல்லும் பழைய ஏற்பாட்டு நூல்கள் எஸ்றாவும் நெகேமியாவும். இரண்டும் சேர்ந்து 23 அதிகாரங்கள்தான். ஆனாலும் ஆரம்பித்தவர்களில் பலர் எஸ்றா 2-ஆம் அதிகாரத்துப் பெயர்ப் பட்டியலிலேயே நின்றுவிடுகிறார்கள். அதைத் தாண்டினால் 4-ஆம் அதிகாரத்தில் ராஜாக்கள் முன்னும் பின்னுமாக வந்து குழப்புகிறார்கள். நான் படிக்கத் தொடங்கியபோது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஆளில்லை. ஒவ்வொரு முடிச்சையும் தட்டுத்தடுமாறித்தான் அவிழ்க்க வேண்டியிருந்தது. அந்தச் சிரமம் உங்களுக்கு வேண்டாம்.

நீங்கள் விசுவாசத்தோடு படித்தாலும் சரி, வரலாற்று ஆர்வத்தில் படித்தாலும் சரி, கீழே உள்ள படிகள் உதவும். எபிரெயம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய பத்திரம், ரசீது, கடிதம், குடும்பப் பட்டியல் எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டி வீட்டில் வைத்திருப்பார்களே, ஏறக்குறைய அந்த மாதிரியான நூல் இது. அரசாணை வரும், புகார்க் கடிதம் வரும், சரக்குக் கணக்கு வரும், திடீரென்று ஒருவர் ‘நான்’ என்று பேச ஆரம்பிப்பார். ஆகவே ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: இது யாருடைய குரல்? எந்த ராஜாவின் காலம்? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

1. பிரதியும் செலவும்

தமிழில் இரண்டு பிரதிகள் கையில் இருப்பது நல்லது. ஒன்று, புராட்டஸ்டண்ட் சபைகளில் வழக்கமாக வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பு. இன்னொன்று, 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம். முன்னதில் தொடர்கள் நீளம், ஆனால் பலருக்குக் காதில் பழகியவை. பின்னதில் கடிதங்களும் கணக்குகளும் எளிதில் புரியும். அச்சுப் பிரதி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். செலவே வேண்டாம் என்றால் இரண்டையும் இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம்.

பெயர்கள் மாறும் என்பதை மறக்காதீர்கள். பழைய மொழிபெயர்ப்பில் கோரேஸ் என்று வரும் பாரசீக அரசர் திருவிவிலியத்தில் சைரசு. இந்தக் கட்டுரையில் பழைய மொழிபெயர்ப்பின் பெயர்களையே எழுதுகிறேன்.

எபிரெய மூலத்தையும் ஆங்கிலத்தையும் பக்கத்தில் பக்கமாகப் பார்க்க விரும்பினால் செஃபாரியா என்ற தளம் இருக்கிறது. யூத விளக்கவுரைகளும் அங்கே உண்டு, கட்டணம் இல்லை. அங்கே இடறும் இடம் ஒன்று உண்டு: நெகேமியாவில் வசன எண்கள் ஒத்துப்போகாது. தமிழில் வழக்கமாக 4:1–6 என்று இருப்பது எபிரெயத்தில் 3:33–38. நம் 9:38 அங்கே 10:1. வசனத்தைக் காணோமே என்று தேடிக்கொண்டிருக்காமல் ஓர் அதிகாரம் முன்னே பின்னே பாருங்கள். யூத மரபில் எஸ்றாவும் நெகேமியாவும் ஒரே நூல் என்பதும் தெரிந்திருக்கட்டும்.

‘எஸ்திராஸ்’ என்ற பெயரில் நூல் வாங்குவதற்கு முன் உள்ளே திறந்து பாருங்கள். கிரேக்க மரபின் முதலாம் எஸ்திராஸ் இதே கதையைக் கொஞ்சம் மாற்றிச் சொல்வது. இரண்டாம் எஸ்திராஸ் என்ற பெயரில் கிடைப்பது பெரும்பாலும் தரிசனங்கள் நிறைந்த வேறொரு நூல். இலத்தீன் மரபிலோ இதே பெயர்கள் எஸ்றாவையும் நெகேமியாவையும் குறிக்கும்.

ஆங்கிலத்தில் ஆய்வு விளக்கவுரைகள் விலை அதிகம். தொடக்கத்திலேயே வாங்காதீர்கள். முதல் வாசிப்பு முடிந்த பிறகு, பக்கத்தில் இறையியல் கல்லூரி இருந்தால் வெளியாட்களுக்கு நூலகத்தில் உட்கார்ந்து படிக்க அனுமதி உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

2. ராஜாக்களின் பட்டியலை ஓர் அட்டையில் எழுதிக்கொள்ளுங்கள்

இதைச் செய்யாமல் முதல் பக்கத்தைத் திறக்காதீர்கள். எருசலேம் விழுந்தது கி.மு. 586-இல் (587 என்றும் சொல்வார்கள்). அதற்குப் பிறகு:

கோரேஸ்: கி.மு. 539-இல் பாபிலோனைப் பிடித்தார். 538-இல் திரும்பிப்போக அனுமதி.
தரியு: 522–486. ஆலய வேலை 520-இல் மறுபடி தொடங்கி 515-இல் முடிந்தது.
அகாஸ்வேரு: 486–465. கிரேக்கர்கள் செர்க்செஸ் என்பவர் இவர்தான்.
அர்தசஷ்டா: 465–424. வேதபாரகரான ஆசாரியர் எஸ்றா எருசலேமுக்கு வந்தது இவருடைய 7-ஆம் ஆண்டில், அதாவது 458. இவருடைய பானபாத்திரக்காரரான நெகேமியா வந்தது 20-ஆம் ஆண்டில், 445.

எஸ்றா வந்தது இரண்டாம் அர்தசஷ்டாவின் காலத்தில், 398-இல் என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. முதல் வாசிப்புக்கு 458-ஐ வைத்துக்கொண்டே போகலாம்.

அதே அட்டையின் பின்பக்கம் மாதங்களை எழுதுங்கள். நூல் முழுக்கத் தேதிகள் வரும், பருவம் தெரிந்தால்தான் காட்சி தெரியும். நிசான் நம் பங்குனி–சித்திரையை ஒட்டி வரும், எலூல் ஆவணி–புரட்டாசி, கிஸ்லேவ் கார்த்திகை–மார்கழி, ஆதார் மாசி–பங்குனி. எஸ்றா 10-இல் ஒன்பதாம் மாதம் 20-ஆம் தேதி ஜனங்கள் ஆலய வெளியில் உட்கார்ந்து அடைமழையில் நடுங்குகிறார்கள். அது கிஸ்லேவ். எருசலேமில் மழையும் குளிரும் சேர்ந்து வரும் காலம்.

3. வாசிக்கும் வரிசையும் கால அளவும்

முதலில் விளக்கம் எதுவும் பார்க்காமல் 23 அதிகாரங்களையும் ஒரே மூச்சில் வாசியுங்கள். ஒரு விடுமுறை நாள் காலை போதும். புரியாத இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு நகருங்கள். அப்புறம் ஆறு வாரத்துக்குப் பிரித்துக்கொள்ளலாம்.

வாரம் 1: 2 நாளாகமம் 36, எஸ்றா 1–3.
வாரம் 2: எஸ்றா 4:1–5, 4:24, பிறகு ஆகாய் முழுவதும், சகரியா 1–8, அதற்குப் பின் எஸ்றா 5–6.
வாரம் 3: எஸ்றா 7–10.
வாரம் 4: எஸ்றா 4:6–23, தொடர்ந்து நெகேமியா 1–7.
வாரம் 5: நெகேமியா 8–10.
வாரம் 6: நெகேமியா 11–13, கூடவே மல்கியா.

ஆகாயை விட்டுவிடாதீர்கள். இரண்டே அதிகாரம், ஒவ்வொரு செய்திக்கும் தேதி போட்டிருக்கும், எல்லாம் தரியுவின் 2-ஆம் ஆண்டு. வேலை ஏன் நின்றது என்பதற்கு எஸ்றா எதிரிகளைக் காட்டுகிறார். ஆகாயோ, மச்சுப்பாவிய வீடுகளில் நீங்கள் குடியிருக்க ஆலயம் பாழாய்க் கிடக்கலாமா என்று ஜனங்களையே கேட்கிறார். இரண்டையும் சேர்த்து வாசித்தால்தான் அந்த வருடங்களின் முழு உண்மை கிடைக்கும்.

4. எஸ்றா 4: எல்லாரும் இடறும் இடம்

மேலே வாரம் 2-இலும் வாரம் 4-இலும் இந்த அதிகாரத்தைப் பிரித்துப் போட்டதற்குக் காரணம் இருக்கிறது. 4:1–5-இல் கோரேஸ் முதல் தரியு வரை ஆலய வேலைக்கு வந்த தடை. 4:6-இல் அகாஸ்வேரு. 4:7–23-இல் அர்தசஷ்டா. உடனே 4:24-இல் வேலை தரியுவின் 2-ஆம் ஆண்டு வரை நின்றது என்று வருகிறது. உங்கள் அட்டையைப் பாருங்கள். அர்தசஷ்டா தரியுவுக்கு ஐம்பது வருடத்துக்கும் மேல் பிந்தியவர். நேர்வரிசையில் படித்தால் கணக்கு உதைக்கும்.

விடை அந்தக் கடிதத்துக்குள்ளேயே இருக்கிறது. 4:12-ஐ நிதானமாகப் படியுங்கள். பாரசீக அதிகாரிகளான ரெகூமும் சிம்சாயியும் ராஜாவிடம் புகார் செய்வது நகரத்தையும் அதன் மதிலையும் பற்றி. ஆலயம் என்ற பேச்சே அதில் இல்லை. எதிர்ப்பு என்ற பொருளில் பல காலத்துச் சம்பவங்களை நூலாசிரியர் ஓரிடத்தில் சேர்த்திருக்கிறார், பிறகு 4:24-இல் விட்ட இடத்துக்குத் திரும்புகிறார். ஆகவே 4:6–23-ஐ ஓர் அடைப்புக்குறிக்குள் போட்டுவிடுங்கள். அதை நெகேமியா 1-க்கு முன்னால் வைத்து வாசித்துப் பாருங்கள்: அர்தசஷ்டாவின் உத்தரவால் மதில் வேலை பலவந்தமாக நிறுத்தப்படுகிறது, கொஞ்ச காலத்தில் சூசான் அரண்மனையில் இருக்கும் நெகேமியாவுக்கு மதில் இடிந்து வாசல்கள் எரிந்துகிடக்கும் செய்தி வருகிறது. அவர் ஏன் உட்கார்ந்து அழுதார் என்பது அப்போது விளங்கும். இந்த இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று ஆய்வாளர்கள் பலரும் கருதுகிறார்கள்.

காலம் சத்தமில்லாமல் தாவும் இடங்கள் இன்னும் மூன்று. எஸ்றா 6-க்கும் 7-க்கும் நடுவே 57 வருடம், ‘இந்தக் காரியங்களுக்குப் பிறகு’ என்ற ஒரே வரியில் போய்விடும். நெகேமியா 13 நடப்பது அர்தசஷ்டாவின் 32-ஆம் ஆண்டுக்கும் பிறகு, அதாவது மதில் முடிந்து பன்னிரண்டு வருடத்துக்கு மேல் கழித்து. நெகேமியா 1:1-இல் 20-ஆம் வருடத்துக் கிஸ்லேவ், 2:1-இல் அதே 20-ஆம் வருடத்து நிசான். நிசானில் வருடம் பிறப்பதாக எண்ணினால் இது தலைகீழாக நிற்கும். வருடத்தை இலையுதிர்காலத்திலிருந்து எண்ணினால் சரியாகிவிடும்.

5. ஆவணங்களைத் தனியாகப் பிரியுங்கள்

இந்த நூலின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. நான்கு நிற பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். அரசாணைக்கும் கடிதத்துக்கும் ஒன்று, பட்டியலுக்கு ஒன்று, ‘நான்’ என்று எஸ்றாவோ நெகேமியாவோ பேசும் பகுதிக்கு ஒன்று, ஜெபத்துக்கு ஒன்று.

எஸ்றாவில் அரசாங்கத் தாள்கள் மட்டும் ஏழு. கோரேஸின் அறிவிப்பு (1:2–4), ரெகூமின் புகார் (4:11–16), அர்தசஷ்டாவின் பதில் (4:17–22), அந்தப் பகுதியின் பாரசீக அதிபதி தத்னாய் தரியுவுக்கு எழுதியது (5:7–17), கோரேஸ் ஆணையின் அலுவலகக் குறிப்பு (6:3–5), தரியுவின் உத்தரவு (6:6–12), எஸ்றாவுக்கு அர்தசஷ்டா கொடுத்த அதிகாரக் கடிதம் (7:12–26). 4:8 முதல் 6:18 வரையும், 7:12–26-உம் எபிரெயத்தில் இல்லை, பாரசீகப் பேரரசின் அலுவல் மொழியான அரமேயத்தில் இருக்கின்றன.

கோரேஸின் ஆணை இரண்டு வடிவத்தில் இருப்பதைக் கவனித்து, இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். 1-ஆம் அதிகாரத்தில் ஜனங்களுக்குச் சொல்லும் அறிவிப்பு, அதில் கர்த்தரின் பெயர் முன்னால் நிற்கும். 6-ஆம் அதிகாரத்தில் கோப்புக்கான குறிப்பு. அறுபது முழ உயரம், அறுபது முழ அகலம், மூன்று வரிசை கல், ஒரு வரிசை மரம், செலவு ராஜாவின் அரண்மனையிலிருந்து. தத்னாய் விசாரிக்கச் சொன்னதும் முதலில் பாபிலோனில் தேடுகிறார்கள், பிறகு மேதிய நாட்டு அக்மேதாவில் சுருள் அகப்படுகிறது. அந்த ஒரு சுருள் கிடைத்ததால் கட்டட வேலை பிழைத்தது. கிடைத்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துக்கொண்டே படியுங்கள்.

ஆவணம் இல்லாதவர்களின் கதையும் இதே நூலில் இருக்கிறது. எஸ்றா 2:59–63-இல் தங்கள் வம்சத்தை நிரூபிக்க முடியாத குடும்பங்கள் வருகின்றன. ஆசாரியர்கள் என்று சொல்லிக்கொண்ட சிலர் வம்ச அட்டவணையில் தங்கள் பெயரைத் தேடி, காணாமல், ஊழியத்திலிருந்து விலக்கப்படுகிறார்கள். அகதியாகப் போய்த் திரும்பியவர்கள் எந்தக் காலத்திலும் படுகிற பாடு இது. ஐந்து வரிதான். வேகமாகக் கடந்துவிடாதீர்கள்.

பயண ஏற்பாட்டிலும் ஓர் ஒப்பீடு இருக்கிறது. எஸ்றா ராஜாவிடம் படைக்காவல் கேட்க வெட்கப்பட்டு, உபவாசம் பண்ணிக் கிளம்புகிறார் (8:21–23). சுமார் 1,400 கிலோமீட்டர், நான்கு மாதம். கையில் 650 தாலந்து (பழைய எடை அளவு) வெள்ளி. புறப்படும்போது நிறுத்து, போய்ச் சேர்ந்ததும் மறுபடி நிறுத்து, எழுதிவைக்கிறார்கள். நெகேமியாவோ அதிபதிகளுக்குக் கடிதம், ராஜாவின் வனக் காவலர் ஆசாப்புக்கு மரம் கேட்டு ஒரு கடிதம், கூடவே குதிரைவீரர்கள் என்று எல்லா ஏற்பாட்டோடும் வருகிறார். யார் செய்தது சரி என்று நூல் தீர்ப்பு சொல்லவில்லை.

6. எண்கள் ஒத்துப்போகாது, பயப்படாதீர்கள்

எஸ்றா 2-உம் நெகேமியா 7-உம் ஏறக்குறைய ஒரே பட்டியல். இரண்டிலும் மொத்தம் 42,360 என்றே இருக்கும். ஆனால் தனித்தனியாகக் கூட்டினால் எஸ்றாவில் 29,818, நெகேமியாவில் 31,089. ஆராகின் வம்சம் ஒன்றில் 775, இன்னொன்றில் 652. பாடகர்கள் 200, மற்றதில் 245. எஸ்றா 1:9–11-இன் பாத்திரக் கணக்கிலும் தனித்தனி எண்களைக் கூட்டினால் 2,499, மொத்தம் என்று போட்டிருப்பது 5,400.

படியெடுப்பில் எண்கள் சிதைவது பழைய நூல்களில் சகஜம். பட்டியலில் சேராத சிலரும் மொத்தத்தில் எண்ணப்பட்டிருக்கலாம் என்பது இன்னொரு விளக்கம். இதிலேயே நாள்கணக்கில் உட்கார்ந்துவிடாதீர்கள். வித்தியாசத்தைக் குறித்துவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

7. நெகேமியா 3-க்கு வரைபடம் அவசியம்

வரைபடம் இல்லாமல் இந்த அதிகாரம் வெறும் பெயர்களாகத்தான் தெரியும். இணையத்தில் தேடும்போது பாரசீகக் காலத்து எருசலேம் என்று குறிப்பிட்டுத் தேடுங்கள். இன்றைய பழைய நகரத்தைச் சுற்றியிருக்கும் மதில் 16-ஆம் நூற்றாண்டில் ஒட்டோமான் சுல்தான் சுலைமான் கட்டியது. அதிலும் குப்பைவாசல் என்று ஒன்று இருப்பதால் சுற்றுலாப் படத்தைப் பார்த்து இதுதான் நெகேமியாவின் குப்பைமேட்டு வாசல் என்று நினைத்துவிடத் தோன்றும். அது வேறு, இது வேறு. நெகேமியாவின் நகரம் ஆலய மலையும் அதற்குத் தெற்கே இறங்கும் தாவீதின் நகரத்து முகடுமாகச் சின்னது என்றே பலர் கருதுகிறார்கள். ஒவ்வொரு வாசலின் இடமும் உறுதியாகத் தெரிந்ததல்ல என்பதால் இரண்டு வரைபடங்களை ஒப்பிடுங்கள்.

ஆட்டுவாசலில் ஆரம்பித்து விரலை வைத்துக்கொண்டு சுற்றி வாருங்கள். மீன்வாசல், பழைய வாசல், பள்ளத்தாக்கின் வாசல், குப்பைமேட்டு வாசல், ஊருணிவாசல், தண்ணீர்வாசல், குதிரைவாசல் என்று போய் மறுபடி ஆட்டுவாசலிலேயே முடியும். வழியில் யார் யார் கட்டுகிறார்கள் என்று பாருங்கள். தட்டார்கள், தைலக்காரர்கள், தன் குமாரத்திகளோடு நின்று கட்டும் சல்லூம் (3:12). தெக்கோவா ஊரார் கட்டுகிறார்கள், அவர்களுடைய பிரபுக்கள் மட்டும் வேலைக்குக் கழுத்துக் கொடுக்கவில்லை (3:5). அப்படியும் தெக்கோவா ஊரார் இன்னொரு பங்கையும் எடுத்துக் கட்டுகிறார்கள் (3:27). இந்த மனிதர்களை எனக்கு மிகவும் பிடிக்கும். மதில் 52 நாளில், எலூல் 25-இல் முடிகிறது (6:15).

8. மனதை அழுத்தும் அதிகாரங்களைத் தள்ளிவிடாதீர்கள்

நெகேமியா 5-ஐ மதில் வேலைக்கு நடுவே வரும் இடையீடாக எண்ணிப் பலர் ஓட்டிவிடுகிறார்கள். நிலத்தை அடகு வைத்து, ராஜாவின் வரிக்குக் கடன் வாங்கி, பிள்ளைகளை அடிமைகளாகக் கொடுத்தவர்களின் கூக்குரல் அது. கடன் கொடுத்தவர்கள் அந்நியர்கள் அல்லர், சொந்தச் சகோதரர்கள். நெகேமியா நிலத்தைத் திருப்பிக் கொடுக்கவைக்கிறார். முந்தின அதிபதிகள் வாங்கிய 40 சேக்கல் வெள்ளியைத் தான் வாங்கவில்லை என்கிறார். அப்படியும் தினம் 150 பேருக்குப் பந்தி, ஒரு மாடு, ஆறு ஆடு. இந்தக் கணக்கைத் தாளில் எழுதிப் பாருங்கள், கட்டுவதற்கு என்ன விலை என்பது தெரியும்.

எஸ்றா 9–10 இன்னும் கடினம். அந்நிய மனைவிகளையும் அவர்களுடைய பிள்ளைகளையும் அனுப்பிவிடும் தீர்மானம், அதற்கென்று மூன்று மாதம் விசாரணை, கடைசியில் ஆண்களின் பெயர்ப் பட்டியல். அனுப்பப்பட்ட பெண்களில் ஒருவர் பெயரும் இல்லை. அழிந்துபோய்விடுவோமோ என்ற பயத்தில் இருந்த ஒரு சிறு கூட்டத்தின் முடிவு என்று அதைப் புரிந்துகொள்ளலாம். அந்தப் பெண்களுக்கு நேர்ந்ததை அதனால் லேசாக்கிவிட முடியாது. மோவாபியப் பெண்ணைத் தாவீதின் கொள்ளுப்பாட்டியாகக் காட்டும் ரூத் நூலையும், அந்நியருக்கு இடம் கொடுக்கும் ஏசாயா 56-ஐயும் அதே வாரம் வாசியுங்கள். எபிரெய வேதத்துக்குள்ளேயே இந்த விவாதம் நடக்கிறது.

9. வெளிச் சான்றுகள்

முதல் ஐந்து வாரம் இவற்றுக்குப் போகாதீர்கள். ஆறாம் வாரத்தில் இரண்டைப் பாருங்கள்.

ஒன்று, கோரேஸ் உருளை. 1879-இல் பாபிலோனில் கிடைத்த களிமண் உருளை, இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தெய்வச் சிலைகளை அவற்றின் கோயில்களுக்குத் திருப்பி அனுப்பியதையும் ஜனங்களைக் குடியேற்றியதையும் கோரேஸ் அதில் சொல்கிறார். எருசலேமின் பெயரோ யூதாவின் பெயரோ அதில் கிடையாது. இருக்கிறது என்று சொல்லும் பகிர்வுகளை நம்ப வேண்டாம்.

இரண்டு, நைல் நதியின் எலிபன்டைன் தீவில் கிடைத்த அரமேயப் பாபிரஸ் தாள்கள். அங்கே குடியிருந்த யூதர்களின் ஆலயம் கி.மு. 410-இல் இடிக்கப்பட்டது. 407-இல் அதை மறுபடி கட்ட அனுமதி கேட்டு யூதாவின் அதிபதிக்கு மனு எழுதுகிறார்கள். அதே மனுவில், சமாரியாவின் அதிபதி சன்பல்லாத்தின் மகன்களுக்கும் எழுதியிருப்பதாகச் சொல்கிறார்கள். நெகேமியாவை எதிர்த்த சன்பல்லாத்து இவரே என்று பொதுவாக ஏற்கிறார்கள். மனுவின் ஆங்கில மொழிபெயர்ப்பு இணையத்தில் கிடைக்கும், சின்னதுதான். எஸ்றா 5–6-இன் கடிதங்களோடு வைத்துப் படித்தால் ஒரே அலுவலக நடையைக் காண்பீர்கள்.

10. குழுவாகப் படிப்பதானால்

ஐந்தாறு பேர் போதும். வாரம் ஒரு முறை, ஒன்றரை மணி நேரம். முதல் இருபது நிமிடம் சத்தமாக வாசிப்பு, பிறகு பேச்சு. பட்டியல் அதிகாரங்களை ஒருவர் தலையில் கட்டாமல் ஆளுக்குப் பத்து வசனமாகப் பிரியுங்கள். நெகேமியா 3-ஐ ஆளுக்கொரு வாசலாகக் கொடுங்கள். ராஜாக்கள் அட்டையை எல்லாருக்கும் நகல் எடுத்துக் கொடுங்கள், இந்தப் படிப்புக்கு ஆகும் செலவில் பெரிதும் பயன்படுவது அந்தச் சில ரூபாய்தான். நெகேமியா 8 வாரத்தில், ஜனங்கள் விடியற்காலம் தொடங்கி மத்தியானம் வரை தண்ணீர்வாசலுக்கு எதிரே நின்று நியாயப்பிரமாணத்தைக் கேட்ட மாதிரி, விளக்கத்தைக் குறைத்து வாசிப்பைக் கூட்டுங்கள். எஸ்றா 9–10 வாரத்துக்கு மட்டும் அரை மணி நேரம் கூடுதலாக ஒதுக்கி வையுங்கள், அன்றைக்குப் பேச்சு சீக்கிரம் முடியாது.